கிளிக்குக் காய்ச்சல் விட்டது

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்.
19-8-1986

அன்புள்ள திரிபுராவுக்கு,

நான் தனியாக உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை, அதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. எப்போதும் அப்பா எழுதி முடித்துக் கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டுத் தருவார், நானும் அதில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். நேற்று அவர் ஆபீஸ் வேலையாகப் பம்பாய் போய்விட்டார், வர ஒரு வாரம் ஆகும். அவர் வந்து எழுதினாலும் வண்டி சரியாகிவிட்டது என்று தந்தி மாதிரி ஒரே வரியில் முடித்துவிடுவார். எனக்கோ நடந்ததை முழுதாக யாரிடமாவது சொல்லாவிட்டால் வேலை ஓடாது போலிருக்கிறது, யோசித்துப் பார்த்தால் அதைக் கேட்க உன்னைவிட உரியவர்கள் இல்லை. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், உன் அறை ஜன்னலோரக் கொய்யா மரமும் சௌக்கியம், காரக்பூர் மழையில் நீயும் சளி ஜுரம் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

விஷயம் நம் கிளியைப் பற்றியது. பச்சை வண்டிக்கு நீ சின்ன வயதில் வைத்த பெயரை இப்போது தெருவே சொல்கிறது. பயப்படாதே, நல்ல செய்திதான், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அது எவ்வளவு நல்ல செய்தி என்று புரியும். ஜூனில் நீ ரயில் ஏறும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய், என்ன ஆனாலும் கிளியை விற்றுவிடாதீர்கள் என்று. அது உன் அம்மா ஓட்டிய வண்டி, கம்பெனி மைதானத்தில் அவர் உனக்கு ஓட்டச் சொல்லித் தந்த வண்டி, அதனால் நீ கேட்டதில் ஆச்சரியம் இல்லை. நான் தண்ணீர்க் கூஜாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், எல்லாம் காதில் விழுந்தது. நீ போன மறு வாரமே கிளிக்குக் காய்ச்சல் கண்டது. தார்நாகா தாண்டுவதற்குள் கொதித்துப் புகை விடும், அப்பா ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து வைப்பார், நான் டீக்கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி வருவேன். ஸ்கந்தகிரி கோயிலுக்கு என்று கிளம்பிய வெள்ளிக்கிழமை ஒன்றில் பாதி வழியில் நின்று, வாங்கிய மாலையை வண்டிக்கே போட்டுத் திரும்பி வந்தோம். எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

நான் பின் சீட்டில் நடுவில் உட்காருகிறவள், உனக்குத் தெரியும். அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த அன்று முன் சீட்டில் நீ இருந்தாய், நான் பின்னால் ஏறினேன், அதுவே பழகிவிட்டது. நீ ஊருக்குப் போன பிறகு அப்பா முன் கதவைத் திறந்து விட்டாலும் என் கால் தானாகப் பின் கதவுக்குத்தான் போகிறது. பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி டீச்சர் விடுவாரா, சாருக்கு வெள்ளை யூனிஃபார்மும் தொப்பியும் தைத்துக் கொடுத்துவிடு கிரிஜா, மகாராணி போகிறாள் என்று நாங்களும் சல்யூட் அடிக்கிறோம் என்று கேலி செய்கிறார். ஆனால் அந்த இடத்தில் ஒரு வசதி உண்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவே சூடு காட்டும் முள் நேராகக் கண்ணில் படும். சாலையைப் பார்க்க வேண்டிய வேலை எனக்கு இல்லை, அதனால் முள்ளையே பார்த்துக்கொண்டு போவேன். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறவில்லை திரிபுரா, அடுப்பில் மறந்து விட்ட பால் மாதிரி சரசரவென்று ஏறியது. அதை மனதில் வைத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை, வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்ற கூச்சம்தான்.

நம் மெக்கானிக் கௌஸ் பாய் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெல்ட்டை மாற்றினார், ஃபேனை ஆட்டிப் பார்த்தார், கடைசியில் இனி என்ஜினையே பிரித்தால்தான் ஆகும் சாப் என்று சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்கே மனம் தளர்ந்துவிட்டார். அவர் செக்ஷனில் நாராயணஸ்வாமி என்று ஒருவர் இருக்கிறார், வெகு நாளாகவே கிளி மேல் அவருக்குக் கண். உங்கள் வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன், கம்பெனி ஏலத்தில் பழைய மேஜை நாற்காலி எடுப்பது போல இருக்கும் நிலையில் இருக்கும் இடத்திலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் போவதாக ஏற்பாடு. உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் அப்பா பேனாவைத் திறந்து திறந்து மூடினார், போன கடிதத்தில் வானிலையைப் பற்றியே ஒரு பக்கம் வந்ததே, அது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஓடாத வண்டியின் பேட்டரி படுத்துவிடும் என்று அப்பா காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன் வாசலில் சற்று நேரம் என்ஜினை ஓட விடுவார். போன புதன்கிழமை அப்படி விட்டிருந்தபோது ரேடியேட்டர் சந்தில் ஒரு கொய்யா இலை சிக்கியிருந்ததைப் பார்த்து எடுக்கப் போனேன். முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, என்ஜின் பக்கம் முகத்தைக் காட்ட முடியவில்லை, ஆனால் ரேடியேட்டர் மண்பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேல் குழாயைத் தொட்டேன், அதுவும் ஜில். காலேஜில் பிசிக்ஸ் படித்தபோது வெப்பம் எப்படிப் போகும் என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன், அதைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான். சூடான தண்ணீர் என்ஜினை விட்டு வெளியே வரவே இல்லை, நடுவில் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. எப்படியோ தைரியம் வந்து அப்பாவிடம் ரேடியேட்டர் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டே, குளிர்ச்சியாக இருந்தால் நல்லதுதானே கிரிஜா, அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெருமுனையில் பஸ் ஏறப் போனவர் ஒரு காலை மட்டும் படியில் வைத்தபடி அப்படியே நின்றார், டிரைவர் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறார், உள்ளே இருப்பவர்கள் எல்லாம் என்ன சார் என்று எட்டிப் பார்க்கிறார்கள், அப்பா இறங்கி டிபன் கேரியரோடு ஓட்டமாகத் திரும்பி வந்து, நீ சொன்னதை இன்னொரு தடவை சொல்லு என்றார். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் பஸ்ஸை விட்டது அதுதான் முதல் தடவையாம்.

ஞாயிறு காலையில் கௌஸ் பாய் வந்தார். ஆபீசர் வீட்டுப் பெண்களின் இங்கிலீஷுக்கு நடுவில்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், கௌஸ் பாயோடு அப்படி இல்லை, செகந்திராபாத்தில் எங்கள் அப்பாவின் காய்கறிக் கடையில் வளர்ந்தவளுக்கு அவருடைய உருது தாய்மொழி மாதிரி. தண்ணீர் வெளியே வரும் இடத்தில் வால்வு ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஹவ் மேம்சாப், ஆமாம், தெர்மோஸ்டாட் என்று ஒன்று உண்டு, என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை மூடி வைக்கும், சூடானதும் திறந்து விடும், ஆனால் அது குளிர் தேசத்துச் சாமான், நம் ஊர் வெயிலுக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம், என் கைக்கு வருகிற எல்லா வண்டியிலும் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்துவிடுவேன், உங்கள் வண்டியிலும் எப்போதோ எறிந்திருப்பேன் என்றார். இல்லாத சாமானை அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார், இத்தனை நாள் நடந்தது அதுதான். எனக்காக ஒரு தடவை திறந்து பாருங்கள் பாய் என்று கேட்டுக்கொண்டேன். மூடியைத் திறந்தவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார், உள்ளே கறுத்துப் போய் அது உட்கார்ந்திருந்தது. அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. முன்பு ஒரு தடவை அதை எறியப் போனபோது உன் அம்மா விடவில்லையாம், செய்தவன் காரணம் இல்லாமலா வைத்திருப்பான், புதிது வாங்கிப் போடு என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். பெரிய மேம்சாப்பிடம் நான் அன்றைக்கே தோற்றவன் என்று சொல்லிக் காதைத் தொட்டுக்கொண்டார். அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா உடனே புதிது ஒன்று வாங்கி வரலாம் என்று புறப்பட்டார், ராணிகஞ்சில் தெரிந்த கடைக்காரரை வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கதவைத் திறக்க வைத்து வாங்கி வந்தார். போடுவதற்கு முன் பழையதுதான் கெட்டது என்று தெரிய வேண்டாமா, கொல்லையில் ஸ்டவ்வைப் பற்ற வைத்து அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன், ஆரோக்கியமேரி டீச்சர் ஸ்கூல் லேபிலிருந்து தெர்மாமீட்டர் எடுத்து வந்து தந்தார், பழைய வால்வு, புது வால்வு இரண்டையும் நூலில் கட்டிக் கரண்டிக் காம்பில் தொங்க விட்டோம். அந்த நேரம் பார்த்து நாராயணஸ்வாமி வந்து சேர்ந்தார், பாத்திரத்தை எட்டிப் பார்த்து இது என்ன மேடம் புது ரசமா என்று கேட்டார், டீச்சர் உடனே இருங்கள் சார், கொதி வந்ததும் உங்களுக்கும் ஒரு டம்ளர் என்றார். எண்பதைத் தாண்டியதும் புதியது மெல்ல வாயைத் திறந்தது, மொட்டு விரிகிற மாதிரி அவ்வளவு அழகு. பழையது தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையவே இல்லை. அப்பா குழந்தை மாதிரி கை தட்டினார். கௌஸ் பாய் இப்போதும் விடவில்லை, இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம் என்று மெதுவாக ஆரம்பித்தார், நான் ஒரு நாற்காலியை இழுத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா கொய்யா மரத்தைப் பார்த்தார், பாய் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்துவிட்டார். புதியதன் ஸ்பிரிங் பக்கம் என்ஜினைப் பார்க்க வைத்துப் புது பேப்பர் கேஸ்கெட் போட்டு முடுக்கி, தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தார். நான் மேல் குழாயில் கை வைத்தபடி நின்றேன். முதலில் ஜில்லென்றுதான் இருந்தது, எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், சட்டென்று உள்ளங்கைக்குக் கீழே வெதுவெதுப்பு ஓடி வந்தது. வந்துவிட்டது என்று நான் போட்ட சத்தத்தில் மூன்றாவது வீட்டு நாய் குரைத்தது, நான் அவ்வளவு சத்தமாகப் பேசி இந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் எல்லோருமாக ஸ்கந்தகிரிக்குப் போனோம், மாலையைச் சாமிக்கே போட்டோம். போகும்போதும் வரும்போதும் முள் நடுவிலேயே நின்றது. நாராயணஸ்வாமி மட்டும் இப்போது வண்டி இன்னும் நன்றாக இருக்கிறதே, கூடக் கொஞ்சம் பணம் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்று பார்த்தார், இருக்கும் நிலையில் விற்பதற்கு மனசில்லை சார் என்று அப்பா சொல்லிவிட்டார். கிளி எங்கேயும் போகாது, நீ நிம்மதியாகப் படி.

மற்றபடி அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, ஊறுகாயை நான் ஒளித்து வைக்கும் இடங்களை மட்டும் அவர் கண்டுபிடித்துவிடுகிறார். பருப்புப்பொடி பார்சல் வந்ததா என்று எழுது. மழையில் நனைந்த தலையோடு லைப்ரரியில் உட்காராதே, ஹாஸ்டல் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. எல்லா நலமும் பெற்று, நினைத்தபடி படித்து முடித்து நீ நன்றாக இருக்க வேண்டும் என்று ஸ்கந்தகிரியில் உன் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தேன், குங்குமம் இதோடு வைத்திருக்கிறேன். பூஜை விடுமுறைக்கு டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, மறந்துவிடாதே.

இத்தனையும் எழுதியது ஒன்று கேட்பதற்காகத்தான், கேட்க இவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருந்தது. எனக்குக் கிளியை ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அப்பா தானே சொல்லித் தருகிறேன் என்கிறார், நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. உன் அம்மா உனக்கு எப்படிச் சொல்லித் தந்தாரோ அப்படியே, அதே மைதானத்தில், நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தால் முன் சீட்டில் ஏற எனக்கு மனம் வரும். சொல்லித் தருவாயா?

பின் சீட்டிலிருந்து,
கிரிஜா