பின்பக்கம் பார்க்கும் ஆள்

பிப். 2, ஞாயிறு

பனி. ஈ.சி.ஆரில் விளக்குப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். மந்தைவெளியிலிருந்து முட்டுக்காடு வரை மனைவி கவிதாவும் பெண் யாழினியும் பின்சீட்டில் தூக்கம்.

தண்ணீர்ச் சறுக்கு, முதல் வகுப்பு. படகு இழுக்கிறது, காலில் மாட்டிய பலகை தூக்குகிறது. காலேஜில் நாலு வருடம் போட்டது இந்த விசைக் கணக்குதான். ஒரே காலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எழவே இல்லை. உப்பங்கழியில் பாதி மூக்கு வழியாக உள்ளே.

படகு ஓட்டிச் சொல்லித்தருபவர் ஸ்டெல்லா. சாந்தோம்காரர். "இன்னா சார், கயிற இழுத்துக்கினு கீற? படகுதான் உன்ன இழுக்கணும், நீ படக இழுக்கக் கூடாது. முட்டிய மடக்கிக் குந்து. அது தூக்கும்."

தெரியும். கை கேட்கவில்லை.

கரையில் யாழினியிடம்: "பேர் இன்னா கண்ணு?"

நான்: "யாழினி. ரெண்டாங்கிளாஸ்."

ஸ்டெல்லா: "உன்னையா கேட்டேன்?"

வலி: முன்கை, தோள், தொடை, கௌரவம்.

பிப். 5, புதன்

மதியம் பள்ளியிலிருந்து போன். ஆழ்வார்பேட்டை ஆபீஸில் பாதி நாள் லீவு. காலையில் விளையாடும்போது யாழினி விழுந்து முழங்கை நன்றாகக் கிழிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சட்டைக் கையில் ரத்தம் ஊறியதைப் பார்த்து டீச்சரே கண்டுபிடித்திருக்கிறார். "வாயே தொறக்க மாட்டேங்கிறா சார். வலிச்சாக்கூட."

ஆட்டோவில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மறுபடி கேட்டேன், சத்தமாக.

ராத்திரி கவிதா: "நீ கத்தினா அவ இன்னும் மூடிக்குவா. அவ ஆரம்பிக்கிறதுக்குள்ள நீயே பேசி முடிச்சிடற. அப்புறம் எப்பதான் பேசுவா?"

பொறுமை வேண்டுமாம். நாளைக்குப் பெரிய அடி பட்டாலும் இப்படியே உட்கார்ந்திருந்தால்?

வாங்கியது: பஞ்சு, களிம்பு, எனக்கு வலி ஸ்ப்ரே.

பிப். 9, ஞாயிறு

காற்று. கவிதாவுக்கு ஜலதோஷம், கரையிலேயே. யாழினி படகில் வரட்டும் என்றார் ஸ்டெல்லா. வேலையும் கொடுத்தார். பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

"உங்கப்பா வுழுந்தா கத்தணும் கண்ணு. நான் முன்னால பாத்துக்கினு இருப்பேன், இஞ்சின் சத்தம் வேற. நல்லா கத்து, தெரியுதா?"

தலையாட்டல்.

விழுந்தேன். படகு போய்க்கொண்டே இருந்தது. யாழினி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். வாய் மட்டும் அசைந்தது. கடைசியில் ஸ்டெல்லாவே கண்ணாடியில் கவனித்துத் திருப்பினார்.

அடுத்த முறையும் அதேதான். தண்ணீரில் மிதந்தபடி "கத்துடி!" என்று நான்தான் கத்தினேன்.

திரும்பும் வழியில் அவளாகவே: "சொன்னேன்ப்பா. மெதுவா சொன்னேன்."

வாய்வரை பதில் வந்தது. திருவான்மியூர் தாண்டும்வரை எதுவும் பேசவில்லை. எனக்கு இதுவே சாதனை.

பிப். 13, வியாழன்

தண்ணி லாரி வரவில்லை. ஃபிளாட் செகரட்டரிக்கு மெசேஜ். பதில்: கும்பிடு போடும் எமோஜி.

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, யாழினி பாத்ரூமை விட்டு வருவதாக இல்லை. தட்டப் போனேன். உள்ளே குழாய் முழு வேகத்தில். அதற்கு மேலாக அவள் குரல். "விழுந்துட்டாரு... விழுந்துட்டாரு." ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டி. நடுவில் இருமல். மறுபடி.

இருக்கிற தண்ணீர் எல்லாம் போகிறது. தட்டவில்லை. ஆபீஸுக்கு லேட்.

பிப். 16, ஞாயிறு

வெயில். இலை அசையவில்லை.

முட்டி நெஞ்சோடு. கை நீட்டியபடி. குந்தியே இருந்தேன். படகு தூக்கியது.

நின்றேன்!

காலுக்குக் கீழே தண்ணீர் தார் ரோடு மாதிரி கெட்டி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இடது பலகை எதிலோ தட்டி முகம் அடிக்க விழுந்தேன். மேலே வந்தபோது காதெல்லாம் தண்ணீர். அதையும் மீறி:

"அக்கா! நிறுத்துங்க! எங்கப்பா விழுந்துட்டாரு! அக்கா!"

சீட்டை விட்டு எழப் பார்த்தவளை ஸ்டெல்லா ஒரு கையால் அமுக்குவது தெரிந்தது. படகு வளைந்து வந்தது.

ஸ்டெல்லா: "காது போச்சு கண்ணு! கோவளத்துல கீறவனுக்கே கேட்டிருக்கும்."

யாழினி அவரைக் கவனிக்கவில்லை. என்னிடம்: "அடிபட்டுச்சாப்பா? வாயத் தொறந்து சொல்லு."

"இல்லடா."

"பொய். அக்கா, உதட்டுல ரத்தம் பாருங்க!"

இன்னொரு முறை போகலாம் என்றேன். "போதும், ஏறு" என்றாள். ஏறினேன்.

கவிதா கரையிலிருந்து வீடியோ எடுத்திருக்கிறாள். அதில் நான் ஒரு புள்ளி. நிற்கிற புள்ளியா விழுந்த புள்ளியா என்றுகூடத் தெரியவில்லை. குரல் மட்டும் அவ்வளவு தூரத்திலிருந்தும் தெளிவாக. வண்டியில் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். என் பெண்.

சாயங்காலம். இதை எழுதும்போது வாசலில் பேச்சு. எதிர் ஃபிளாட் மாமியிடம் யாழினி, தொண்டை கட்டிய குரலில்.

"அப்புறம் என்னடி ஆச்சு?"

"பொத்துனு விழுந்துட்டாரு மாமி. தண்ணி அப்படியே கடலுக்கு இழுத்துட்டுப் போகுது. நான்தான் கத்திக் கத்திப் படக நிறுத்தினேன்."

"அடிப்பாவி! அப்பா அழுதாரா?"

"கொஞ்சமா."

படகு கடல் பக்கமே போகவில்லை. நான் அழவில்லை. நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. திருத்தலாமென்று எழுந்தேன். மாமி அடுத்த கேள்வி கேட்டுவிட்டார், அவள் அதற்கும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். உட்கார்ந்துவிட்டேன்.