சுவர்களை மறந்த அப்பா

காம்போபாஸோ,
டிசம்பர் 26, 1973

அன்புள்ள கொன்சீலியா அக்காவுக்கு,

தங்கை லிபெரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மன்னித்துக்கொள். எதிர்வீட்டு மருமகன் இன்று ரயிலில் நீ இருக்கும் ஜூரிச்சுக்குத் திரும்புகிறார். தபாலை நம்பாமல் இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. அம்மா நேப்பிள்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மிகவும் மெலிந்திருக்கிறாள். உப்பு கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அதிர்ச்சி கூடவே கூடாது, இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். அதனால்தான் சவேரியோ அண்ணன் இறந்ததை அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று அப்பா முடிவு செய்தார்.

டூரினில் அண்ணன் கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்ததாகத் தந்தி வந்தும் உன் எஜமானி விடுப்புத் தரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று உன்னையே நொந்துகொள்ளாதே. பெட்டி ரயிலில் வந்தது. மண் கல்லாக உறைந்திருந்ததால் குழி வெட்ட வெகுநேரம் ஆயிற்று. அப்பா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் சட்டைக் கையில் தைத்திருந்த கறுப்புப் பட்டையைத் தானே பிரித்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன மெழுகுவர்த்திகளைப் பரணில் ஒளித்தார். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், அம்மா வந்தால் வாய் திறக்காதீர்கள் என்று கெஞ்சினார். எல்லாவற்றையும் யோசித்தவர் சுவர்களை மறந்துவிட்டார்.

அவர்மேல் குற்றமில்லை அக்கா. தந்தி வந்த அன்றே அச்சகத்துக்குப் போய் மரண அறிவிப்புச் சுவரொட்டிக்குச் சொன்னதும் அவர்தான். சுவரில் பெயர் ஒட்டாமல் நம் ஊரில் யாரை அடக்கம் செய்திருக்கிறோம்? யோசிக்காமலே செய்கிற காரியம் அது. அம்மாவை அழைத்துவர அவர் நேப்பிள்ஸ் போன பிறகு, இருபத்துநான்காம் தேதி காலையில் பனியைப் பார்க்க ஜன்னலைத் திறந்தேன். எதிர்ச்சுவரில் கறுப்புக் கரைக்குள் அண்ணன் பெயர் பெரிதாக இருந்தது. அதன் கீழே ‘ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பவர்கள்’ என்று போட்டு, முதல் பெயராக ‘தாய் பிலொமேனா’ என்று அச்சடித்திருந்தார்கள். அம்மா அறிவிக்கிறாளாம். மதிய ரயிலில் வரப்போகிற அம்மா.

மாவு பிசைந்த பலகையைச் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷனிலிருந்து நம் வீடுவரை அம்மா வரக்கூடிய தெருக்களிலெல்லாம் அலைந்தேன். சில சுவர்களில் காற்று பனியை அப்பி, தாளை மூடியிருந்தது. மற்ற இடங்களில் பசை உறைந்து இறுகிப்போயிருந்தது. தாள் நார் நாராகத்தான் வந்தது. கடைகளில் கிறிஸ்துமஸ் வண்ண விளக்குகள் எரிந்தன. எல்லோர் கையிலும் பொட்டலம். சந்தை முனை மாதா சிலைக்கு முன்னால் மலையிலிருந்து வந்த, தோல்பையில் காற்றடைத்து ஊதும் பைக்குழல்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சிலைக்குப் பக்கத்திலேயே அண்ணன் பெயர். அவர்கள் வாசித்து முடிக்கும்வரை கால் மரத்துப்போகக் காத்து நின்றேன்.

அங்கே மீன் விற்கும் இன்கொரொனாத்தாவை உனக்கு நினைவிருக்கும். விலாங்கு மீன் தொட்டிக்குப் பின்னாலிருந்து, "என்ன டீச்சரம்மா, வீட்டுப் புத்தகமெல்லாம் தீந்து போச்சா? சுவத்தைப் படிக்க வந்துட்டே?" என்று, ஓயாமல் படிக்கிற என்னை எப்போதும்போலக் கேலி செய்தாள். நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன். அதற்குள் நகராட்சிக் காவலர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார்.

"செத்தவங்க பேரைக் கிழிக்கிறியே, மனசாட்சி இருக்கா உனக்கு? யார் வீட்டுப் பொண்ணு நீ?"

இன்கொரொனாத்தா ஈரக் கையோடு எழுந்து வந்தாள். தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன்யா, தொப்பி போட்டா போதுமா, படிக்கத் தெரிய வேணாமா? அந்தப் பேரைப் படி, இவ அண்ணன் பேரு. இன்னிக்கு இவ அம்மா ஒண்ணும் தெரியாம ஆஸ்பத்திரியிலேருந்து வர்றா."

காவலர் படித்தார். என் கையை விட்டார். தான் எதையும் பார்க்கவில்லை என்று முணுமுணுத்துவிட்டு, போகிற வருகிறவர்கள் பார்வையில் நான் படாதபடி எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சந்தையின் உட்சுவரில் இருந்ததை இன்கொரொனாத்தா மீன் பெட்டிகளை அடுக்கி மறைத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

சான் லியோனார்தோ கோயில் சுவருக்குப் போனபோது ரயில் ஊதிவிட்டது. அவசரத்தில் பாதிதான் கிழிந்தது. டாக்ஸி பழைய ஊர் ஏற்றத்தில் சறுக்கியதால் அம்மா இறங்கி, அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். வளர்ந்துவிட்டாய் என்றாள். பிறகு கோயில் சுவரைப் பார்த்து நின்றாள். கறுப்புக் கரையும் ‘தாய்’ என்ற ஒரு சொல்லும்தான் அதில் மிஞ்சியிருந்தன.

"நம்ம ஊர்ல இந்தத் தாளை யாரும் கிழிக்க மாட்டாங்களே," என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். "யாரோ ஒருத்திக்குத் தெரியக் கூடாதுன்னு கிழிச்சிருக்காங்க. பாவம்."

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நடந்தாள். வடக்கே பனி அதிகம், ரயிலெல்லாம் தாமதம் என்று அப்பா தேவைக்கு மேல் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்.

அக்கா, பெயரை எடுத்துவிட்டால் செய்தியும் போய்விடும் என்று நினைத்தேன். இவ்வளவு படிக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் அப்பா விறகெடுக்கப் போயிருந்தார். ஊறவைத்த கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்த என்னை அம்மா அருகில் கூப்பிட்டாள். வெந்நீர்க் கிண்ணத்தில் என் கைகளை வைத்து, நகக் கண்ணில் ஒட்டியிருந்த பசையையும் கறுப்பையும் கொண்டை ஊசியால் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். மை என்றேன். பள்ளிக்கூடம் லீவாச்சே என்றாள். வேறெதுவும் கேட்காமல் கடைசி விரல்வரை முடித்து, இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்துவிட்டாள்.

"உங்கப்பாகிட்டச் சொல்லிடாதே, கண்ணு. எனக்குத் தெரியாதுன்னு நம்பித்தான் அவர் நிக்கிறார். இல்லேன்னா விழுந்துடுவார்."

நான் தலையாட்டினேன். கொண்டை ஊசியைத் தலையில் செருகிக்கொண்டே, "அவனுக்குக் கம்பளிக் கோட்டு போட்டுத்தானே அனுப்புனீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உண்மையில் மூடிய பெட்டிதான் வந்தது, அக்கா. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரவு விருந்தில் அப்பா, சவேரியோ மதுக்கடைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டான், விடுப்புக் கிடைக்கவில்லையாம், வாழ்த்துச் சொன்னான் என்றார். குரல் எப்படி இருந்தது என்று அம்மா கேட்டாள். சிரித்துக்கொண்டே பேசினான் என்றார் அப்பா. அவன் எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, பசியில்லாமலே இன்னொரு மீன் துண்டைத் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் சாப்பிடுகிறாளே என்று அப்பாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். நேற்றும் இன்றும் இப்படியே போகிறது. அவர் ஒரு பொய் சொல்கிறார், அவள் அதை நம்பிக் காட்டுகிறாள். நடுவில் நான் ரொட்டி நறுக்குகிறேன்.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நீ வரும்போது பச்சைக் கோட்டில் வா, சிரித்த முகமாக வா, அண்ணனை மிலான் ஸ்டேஷனில் பார்த்ததாகச் சொல் என்று அப்பா உனக்கு எழுதுவார். தபால்தலை வாங்கி வைத்திருக்கிறார். நான் இதுவரை அவர் பேச்சை மீறியதில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கையும் மீறவில்லை, அப்பாவிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால், அக்கா, நீ கறுப்பு உடுத்தி வா. அப்படி வந்தால் யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. டாக்டர் சொன்னதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தேன். அது அவள் நெஞ்சுக்கு நல்லது என்று எந்த டாக்டர் சொல்வார்?

அண்ணனுக்காக இந்த வீட்டில் இன்னும் யாரும் வாய்விட்டு அழவில்லை. கதவை நான்தான் திறப்பேன். நீ உள்ளே வந்ததும் முதலில் அழுதுவிடு.

நீ வரும் பாதையெங்கும் கடவுள் துணையிருக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
லிபெரா