முதல் பக்கத்து நான்கு பாட்டில்கள்

ஜூலை 21, திங்கள்

விடியும்போதே புழுக்கம். எதிர்வீட்டுப் பவர்லூம் ஆறு மணிக்கே தொடங்கிவிட்டது. கரண்ட் போனால்தான் அது நிற்கும். கரண்ட் போனால் நெட்டும் போகும்.

இன்றைய வேலை: மார்க் போட இரண்டு ஒயின் பட்டியல்கள். ஒன்று சென்னையில் ஐந்து நட்சத்திர ஓட்டல், இருநூறுக்கு மேல் பெயர்கள். மற்றது பாண்டிச்சேரியில் ஒரு சின்ன உணவகம், ஒரே பக்கம்.

பார்க்க வேண்டியவை (ஸ்கிரீன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு):
– யார் தயாரித்தது, எந்த ஊர், எந்த வருடத்துத் திராட்சை
– கடை விலையைப் போல எத்தனை மடங்கு
– பாட்டில் வேண்டாம், ஒரு கிளாஸ் போதும் என்பவருக்கு எத்தனை வகை
– நடுத்தர விலையில் ஏதாவது உண்டா
– அங்கே சமைக்கும் சாப்பாட்டுக்குப் பொருந்துமா

ஓட்டல் பட்டியல் கனமானது. பாதிக்கு மேல் வருடமே இல்லை. வெள்ளை ஒயின் எல்லாம் ஒரே இறக்குமதிக்காரருடையது, அவரே அச்சடித்துக் கொடுத்தது போல. ஐந்து மடங்கு விலை. பாண்டிச்சேரிப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் வருடம் உண்டு. பாதி வகைகள் கிளாஸ் கணக்கிலும் கிடைக்கும். எது மீனுக்கு, எது காரக் குழம்புக்கு என்று ஒவ்வொரு வரி. அடியில் பட்டியல் எழுதிய தேதி.

நூற்றுக்கு ஓட்டலுக்கு 58. பாண்டிச்சேரிக்கு 81. அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் போன வருடத்து மார்க்கைப் பார்த்தேன். ஓட்டலுக்கு 90.



ஜூலை 22, செவ்வாய்

எதிர்பார்த்ததுதான். ஆபீஸ் குரூப்பில் விவேக் (ஒயின் படிப்பு படித்தவர், வெளிநாட்டுச் சான்றிதழ்): "ஒரு சொட்டு குடிக்காதவங்க மார்க் போட்டா இப்படித்தான் வரும்." பக்கத்தில் சிரிக்கும் பொம்மை. மூன்று பேர் அதற்கு லைக்.

பிறகு நந்தினி மேடம் போன். ஓட்டல்களின் ஒயின் பட்டியல்களுக்கு மார்க் போட்டு நாங்கள் வருடாவருடம் வெளியிடும் கைடு புத்தகத்துக்கு அவர்தான் ஆசிரியர். கோபமில்லை. "வெள்ளிக்கிழமை மீட்டிங்ல நீயே பேசு. ஏன் 58னு சொல்லு. சொல்லலன்னா போன வருஷ மார்க்கே போகும். அடுத்த நாள் அச்சுக்குக் குடுத்துடுவேன்."

"சரிங்க மேடம்" என்றேன்.

பட்டியல்களைத் தட்டச்சு செய்ய மட்டும்தான் என்னை எடுத்தார்கள். தட்டத் தட்ட எனக்குத் தெரிய ஆரம்பித்தது, மார்க்கும் போடச் சொன்னார்கள். இத்தனை மாதத்தில் மீட்டிங்கில் ஒரு தரம்கூட மைக்கைத் திறந்ததில்லை. எல்லாம் டைப் செய்தே.

சாயங்காலம் அம்மா புடவைக்குக் குச்சம் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் குமாரி அக்காவும் கூட உட்கார்ந்து கட்டினார்.

"இன்னாடி, ஒயின் ஷாப்புக்குக் கணக்கு எழுதறியாமே?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா, "கம்ப்யூட்டர் வேலை, குமாரி. ஆபீஸ் மெட்ராஸ்ல" என்றாள். எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் கேட்டால் நூல் சிக்கிக்கொள்ளும்.

ஜூலை 23, புதன்

மாவு அரைக்கக் கொடுத்தது. ரீசார்ஜ். தலைவலி.

விவேக் சொன்னதை யோசித்தேன். குடித்ததில்லை, உண்மை. ஆனால் நாங்கள் மார்க் போடுவது பட்டியலுக்கு. உள்ளே வந்து உட்காரும் ஆளிடம் அந்தக் கடை நேர்மையாகப் பேசுகிறதா என்பது தாளிலேயே தெரிகிறது.

ஓட்டலின் பழைய பட்டியல்களைத் தேடி எடுத்தேன். மூன்று வருடத்தது. முதல் பக்கத்தில் நான்கு பிரெஞ்சு சிவப்பு ஒயின்கள், ஒவ்வொன்றும் லட்சத்துக்கு மேல். மூன்று வருடமும் அதே நான்கு. அதே திராட்சை வருடம். அதே விலை. மற்ற எல்லாம் ஏறியிருக்கிறது, இந்த நான்கு மட்டும் அசையவே இல்லை.

இதை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பாத்திரம் கழுவும்போது பிடிபட்டது. மெரூன் புடவை.

காலேஜ் படிக்கும்போது ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் பஜாரில் பட்டுக் கடையில் நின்றேன். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் விரிப்பது அந்த மெரூன்தான். கையகல ஜரிகை, நாற்பத்திரண்டாயிரம். அதைப் பார்த்த கண்ணுக்கு அடுத்து வரும் ஒன்பதாயிரம் சல்லிசாகத் தெரியும். மூன்று சீசன் நானே விரித்து நானே மடித்தேன். மடிப்பில் பட்டு நைந்துபோயிருந்தது. அந்தப் பக்கம் தெரியாமல் விரிப்பதுதான் எனக்குக் கொடுத்த பயிற்சி.

ஒருநாள் போளூரிலிருந்து கல்யாணப் பார்ட்டி. அந்த அம்மா வேறெதையும் பார்க்காமல், "இதையே பில் போடுங்க" என்றார். முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "அது ஆர்டர் புடவைம்மா. சாயந்திரம் வந்து எடுத்துகினு போயிடுவாங்க." அந்த அம்மா நகரவில்லை. "அப்ப ஏன் எங்கிட்ட விரிச்ச?"

நினைத்துச் சிரித்துவிட்டேன். அம்மா உள்ளிருந்து, "இன்னா, தனியா சிரிச்சிகினு கீற?"

ஜூலை 24, வியாழன்

மீட்டிங்குக்கு இடம் தேட வேண்டும். நாளை ஆடி வெள்ளி, மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் எங்கள் தெரு முனையிலேயே.
– மாடி: காற்று
– கூடம்: பவர்லூம்
– சமையலறை: குக்கர், அம்மா
– பீரோ இருக்கும் அறை: சத்தம் குறைவு. ஆனால் அப்பா தூங்குவார்.

அப்பா செய்யாறு கம்பெனி பஸ் ஓட்டுகிறார், இந்த வாரம் நைட் ஷிப்ட். கேட்டேன். "பஸ் சத்தத்துலயே பொழைக்கறவன்மா நானு. நீ பேசு." கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "இந்த வேலைல குடிச்சிப் பாக்கணுமா?"

"இல்லப்பா. படிச்சிதான் பாக்கணும்."

திரும்பிப் படுத்தார். எத்தனை நாள் அதை மனதில் வைத்திருந்தாரோ.

பேச வேண்டியதை எழுதி நான்கு தரம் வாசித்தேன்.

ஜூலை 25, வெள்ளி

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

கதவு, ஜன்னல் சாத்தினேன். கட்டிலில் அப்பா. என் பெயரைக் கூப்பிட்டதும் மைக்கைத் திறந்தேன். எழுதி வைத்த தாளைத் தேடினால் அது கூடத்தில்.

நந்தினி மேடம்: "உன் குரலே இன்னிக்குத்தான் கேக்கறோம். சொல்லு."

நான்கு பாட்டில்களைச் சொன்னேன். விவேக் குறுக்கிட்டார். "அதெல்லாம் கலெக்ஷன் ஒயின். வருஷம் ஆக ஆக மதிப்பு கூடும். அதனாலதான் வச்சிருக்காங்க."

"மதிப்பு கூடினா விலையும் ஏறணுங்களே. மூணு வருஷமா ஏறலைங்க."

நெட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று தொடர்ந்தேன்.

"அது விக்கறதுக்கு வச்சது இல்லைங்க மேடம். அத மொதல்ல காட்டினா அடுத்த பக்கத்துல இருக்கற அஞ்சு மடங்கு விலை பெருசா தெரியாது. நான் புடவைக் கடையில நின்னிருக்கேன். இதே வேலைய நானே செஞ்சிருக்கேன். அந்த நாலுல ஒண்ணக் கேட்டுப் பாருங்க."

விவேக் சிரித்தார். நந்தினி மேடம் சிரிக்கவில்லை. இன்னொரு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அந்த ஓட்டலையே கூப்பிட்டார். நாளை இரவு ஆறு பேர், முதல் பக்கத்து இரண்டாவது ஒயின் வேண்டும் என்றார். அந்தப் பக்கம் ஒரு மரியாதையான குரல், ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னது. பாட்டு ஓடியது. பிறகு: அது இப்போது கைவசம் இல்லை, வரவழைக்க நாளாகும், அதற்குப் பதிலாக ஒன்று சொல்லட்டுமா. மூன்றாவது? அதுவும் இல்லை. மற்ற இரண்டு? மன்னிக்கவும் மேடம்.

போனை வைத்துவிட்டு, "58 இருக்கட்டும். குறிப்பையும் நீயே எழுது" என்றார்.

விவேக்: "நானும் மூணு வருஷமா அந்தப் பக்கத்தப் பாத்து அசந்துதான் போனேன். நல்லா புடிச்சீங்க." நல்ல மனிதர்தான்.

மைக்கை மூடியபோதுதான் கோயில் ஸ்பீக்கர் காதில் விழுந்தது. அவ்வளவு நேரமும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கூழ் வாங்கப் போனேன். வரிசையில் நின்றபோது காரணமில்லாமல் முகம் சிரித்துக்கொண்டே இருந்தது.

ஜூலை 26, சனி

அச்சுக்குப் போகும் பக்கம் மெயிலில் வந்தது. பாண்டிச்சேரி 81, அந்த ஊருக்கு முதலிடம். குறிப்பின் கீழே என் பெயர், இனிஷியலோடு. பெரிதாக்கிப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அந்த உணவகத்துக்காரர் இதைப் படிப்பார் என்று நினைக்க நன்றாக இருந்தது.

குமாரி அக்கா மறுபடியும் ஆரம்பித்தார். அம்மா பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே, "ஒயின் ஷாப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெரிய பெரிய ஓட்டல்காரன்லாம் எம்பொண்ணுகிட்ட மார்க் வாங்கணும். கதவாண்ட நின்னு கேட்டேன், ஒருத்தன ஃபெயிலாக்கிட்டா."

58 ஃபெயில் இல்லை என்று திருத்தவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

லேசான தூறல். துணி காயவில்லை.

அப்பா ஷிப்ட் முடிந்து காலையில் வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு லேமினேட் அட்டையை எடுத்து என் கீபோர்டின் மேல் வைத்தார். செய்யாறு ரோட்டில் டிரைவர்கள் சாப்பிடும் பிரியாணிக் கடையின் மெனு. எண்ணெய்க் கறை. கேட்டுத்தான் வாங்கினாராம்.

"எவ்ளோ போடுவ?"

முதல் வரியில் கொட்டை எழுத்தில்: முழு ஆட்டுத் தொடை, ஸ்பெஷல். நான் படிப்பதற்குள் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"மொத அயிட்டம் இல்லியாம். கேட்டுட்டேன்."