பரணைத் திறந்துவிட்டோம், பிரபு

என் செல்லத் தம்பி பிரபுவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். உன் பரணின் புதுப் பதிப்பு வெளியாகிவிட்டது. வெளியிட்டது நான்தான். பென் டிரைவைத் தலைகீழாகச் செருகி உன்னிடம் திட்டு வாங்கிய அதே மலர். நேற்று காலை விழுப்புரத்தில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். அப்போதிலிருந்து வளவனூர், திருவாமாத்தூர், விக்கிரவாண்டி என்று ஊர் ஊராக, "போட்டாச்சு மேடம், நல்லா ஓடுது" என்று பரண் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இந்தக் கடிதத்தைக் குழுவில் இருப்பவர்களும் படிப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையே ஒருமுறை சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஆபீசுகள் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கி, அதில் சில ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டி, வீட்டு வைஃபையோடு இணைத்துவிடுவாய். அந்த வீட்டில் யார் போனில் எடுத்த படமும் வீடியோவும் தானாக அந்தப் பெட்டிக்குள் போய்ச் சேரும். யார் போனிலும், டிவியிலும் எடுத்துப் பார்க்கலாம். அதை ஓட்டும் மென்பொருளை, எங்கெங்கோ இருப்பவர்கள் இலவசமாகக் கொடுத்ததையெல்லாம் சேர்த்துக் கோத்து, மெனுவைத் தமிழில் எழுதி நீ உருவாக்கினாய். வீட்டில் எதையும் தூக்கி எறிய மனமில்லாமல் போட்டு வைக்கிற இடம் பரண்தானே என்று அந்தப் பெயரையே வைத்தாய்.

அந்தக் காய்ச்சலில் நீ போனபோது உன் மகள் யாழினிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. உன் போன் என்னிடம் இருந்தது. துக்கம் கேட்டு வந்த போன்களுக்கு நடுவே பரண் போன்களும் வந்தன. திருவாமாத்தூரிலிருந்து ஒரு கரும்பு விவசாயி கூப்பிட்டார்.

"பிரபு தம்பிங்களா?"

"இல்லிங்க. நான் அவரு அக்கா."

"சரிம்மா. பரண்ல லைட்டு எரியுது, படம் ஒண்ணும் வர்ல. காலையிலேர்ந்து பாத்துக்கினே இருக்கறேன்."

நீ இல்லை என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. "உங்க போன்ல வைஃபை ஆன் பண்ணிக்கினீங்களா, பாருங்க" என்றேன். "அட, ஆஃபாயி இருக்குதும்மா. இப்ப வந்துடுச்சி. சரியாயிடுச்சின்னு தம்பிகிட்ட சொல்லிடும்மா" என்றார். சொல்கிறேன் என்றேன். இதோ, சொல்லிவிட்டேன்.

அப்படித்தான் நான் பரணில் கோளாறு என்றால் வழி சொல்கிறவள் ஆனேன். யாரும் நியமிக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய், மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்குப் பில் போடுகிறவள் நான். போகும்போதும் வரும்போதும் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து குழுவில் வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறாயா? நீ ஒவ்வொரு பதிப்பையும் முதலில் என்னிடம்தானே கொடுப்பாய். "நீ தப்புத் தப்பா அமுக்குவக்கா, அதான் எனக்கு வேணும்" என்பாய். பரணில் என்னென்ன கோளாறு வரும் என்பது எனக்கு மனப்பாடம். பாதிக் கோளாறு என்னால் வந்ததுதான்.

கேள்விகளைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். ஒருத்தர் பெட்டிக்குள் பல்லி புகுந்துவிட்டது, அதனால் வைரஸ் வருமா என்று கேட்டார். இன்னொரு அம்மா, மகளின் வளைகாப்பு வீடியோ மருமகனின் அம்மா போனில் மட்டும் தெரியாமல் செய்ய முடியுமா என்றார். முடியும் என்று வழி சொன்னேன். குடும்பச் சண்டைக்குத் தூபம் போட்டேனோ என்று இன்னும் யோசனையாக இருக்கிறது. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கோடையில் ஒரு நாள் முபாரக் போன் செய்தான். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் உன் கூட்டாளி என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, பரணுக்கு அடியில ஓடற சிஸ்டம் பழசாயிடுச்சி. இனிமே அதுக்கு அப்டேட்டு வராதாம். அப்டியே உட்டம்னா எவனாச்சும் உள்ள பூந்துடுவான். பேஜாராய்டும்."

"அதுக்கு நான் என்னடா பண்றது?"

"நீங்கதான் பண்ணணும். அடியில இருக்கறத நான் மாத்தறேன். மேல இருக்கறத எல்லாம் நீங்க பாத்துக்குங்க."

என்ன தைரியத்தில் சரி என்றேனோ, தெரியவில்லை. ஞாயிறு தோறும் அவன் கடையில் உட்கார்ந்து, நீ எழுதி வைத்ததை வரி வரியாகப் படித்தேன். காலேஜில் படித்த கம்ப்யூட்டர் பாடம் பில் போடுவதற்கு மட்டும்தான் ஆனது என்று நினைத்திருந்தேன். இல்லையடா. நான் மாற்றி எழுதிய ஒரு துண்டு முதல் தடவை பிழையில்லாமல் ஓடியபோது, கடைக்கு வெளியே வந்து நின்று தனியாகச் சிரித்தேன். நீ ஏன் இதிலேயே கிடந்தாய் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை சந்தோஷத்தை வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாய், கள்ளன்.

இனி உன் வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கும் வருகிறேன்.

திண்டிவனத்தில் உன் மனைவி சுகந்தியும் யாழினியும் இருக்கும் வீட்டில், நீ வைத்த இடத்திலேயே உன் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. போனில் இடம் அடைக்கிறது என்று, படம் பரணுக்குப் போனதும் போனிலிருந்து அழியும்படி உன் போனிலும் சுகந்தி போனிலும் நீதான் செய்து வைத்தாய். ஆக, நீயும் யாழினியும் சேர்ந்து இருந்த அந்தச் சில மாதங்கள் முழுவதும் அந்த ஒரு பெட்டிக்குள்தான். வேறு எங்கும் ஒரு படம் கிடையாது. 'இன்னொரு நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்ன மகராசன், தன் வீட்டுக்கு மட்டும் எடுக்கவில்லை. இதற்கு உன்னை என்ன செய்தால் தகும்?

சுகந்தி அந்தப் பெட்டிக்குள் இருந்த எதையும் திறந்து பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாளு போவட்டும் அண்ணி" என்பாள். ஆனால் ஒரு நாளும் அதை அணைத்ததில்லை. ஆயுத பூஜை முடிந்ததும் நகல் எடுத்துவிடலாம் என்று நானும் முபாரக்கும் பேசி வைத்திருந்தோம்.

அந்த ஆயுத பூஜையே வினையாக வந்தது. போன வருஷம் திதி முடியவில்லை என்று பண்டிகை இல்லை. இந்த வருஷம் சுகந்தி ஆசையாகச் செய்தாள். நீ செய்வது போலவே பெட்டியை அணைத்தாள், துடைத்தாள். நீ வெளியே மட்டும் பொட்டு வைத்து விட்டுவிடுவாய். அவள் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றையும் வெளியே இழுத்து, மேலே ஏதோ கிறுக்கியிருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழையிலையில் வரிசையாக அடுக்கி, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டியிருக்கிறாள். மறுநாள் திரும்பவும் செருகிவிட்டாள்.

கிறுக்கல் என்று அவள் நினைத்தது, எது முதல் அடுக்கு, எது இரண்டாவது என்று நீ மார்க்கரில் போட்ட எண்கள். பழைய பரண், எந்த அடுக்கில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் டிஸ்க்கை அடையாளம் காணும். இடம் மாறினால் அதற்கு எதுவும் புரியாது.

மண்டியில் இருந்தபோது போன் வந்தது.

"அண்ணி, அவரு பெட்டில செவப்பா ஏதோ வருது. டிஸ்க் எதுவும் இல்ல, புதுசா ஆரம்பிக்கலாமான்னு கேக்குது. நான் ஒண்ணும் பண்ணல அண்ணி. தொடச்சி பொட்டு வெச்சேன், அவ்ளோதான்."

"எதையாச்சும் அமுக்கினியா?"

"அவரே கேக்கற மாரி இருந்துச்சி. ஆமான்னு அமுக்கலாம்னு போனேன். யாழினி எழுந்து அழுதா, அதான் அவளத் தூக்கிக்கினு உங்களுக்குப் போன் பண்றேன்."

ஆம் என்று அமுக்கியிருந்தால் பரண் எல்லா டிஸ்க்கையும் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருக்கும். அழிக்கட்டுமா என்று கேட்க வேண்டிய இடத்தில், 'புதிதாகத் தொடங்கலாமா?' என்று கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவன் போலக் கேட்டு வைத்திருக்கிறாய். "பிளக்கைப் பிடுங்கு" என்று சொல்லிவிட்டு, முதலாளியிடம் பாதி வார்த்தையில் அனுமதி கேட்டு, ஆட்டோ பிடித்தேன். போனால் சுகந்தி பெட்டி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அவளை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் செய்ததில் என்ன குற்றம்? உனக்குப் பூஜை செய்கிற மாதிரிதானே செய்திருக்கிறாள்.

முபாரக் விழுப்புரத்திலிருந்து வந்தான். டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லவேளை, பின்னு பக்கம் சந்தனம் போவல. மாத்தி மாத்திச் செருகிப் பாக்கலாம்தான். ஆனா பழைய பரண் தப்பான வரிசையில ரிப்பேர் பண்றேன்னு கெளம்பிச்சின்னா அவ்ளோதான். இத ஜல்தியா பண்ணக் கூடாதுக்கா."

"புதுசப் போட்டா?"

"புதுசு கண்டுபிடிக்கும். ஆனா அது இன்னும் உங்க வீட்டு டெஸ்ட் பெட்டில மட்டும்தான் ஓடிருக்குது."

புதுப் பரண் டிஸ்க் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்காது. ஒவ்வொரு டிஸ்க்கும் தான் யார் என்பதைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும், அதைப் படிக்கும். அந்த மாற்றத்தைக் கொண்டு வந்ததே நாங்கள்தான், ஆனால் நிஜமான ஒரு வீட்டில் போட்டுப் பார்த்ததில்லை. முதல் நிஜ வீடு உன் வீடாக இருக்கும் என்று நினைத்தோமா?

முபாரக் டிஸ்க்குகளைக் கடைக்கு எடுத்துப் போய், முதலில் ஒவ்வொன்றையும் அப்படியே வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தான். அது முடிகிற வரைக்கும் மண்டியில் நான் போட்ட பில்லெல்லாம் தப்பு. ஞாயிற்றுக்கிழமை நகல்களோடு திண்டிவனத்துக்கு வந்து, பெட்டியில் மாட்டி, புதுப் பதிப்பை ஏற்றினோம். அடுக்கு வரிசை என்ன என்று எங்கள் மூவருக்குமே தெரியாது. கையில் வந்தபடி செருகினோம். சுகந்தி சமையலை அப்படியே விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றாள்.

மானிட்டரில் ஒவ்வொரு டிஸ்க்காக 'கண்டேன்' என்று வந்தது. அந்த வார்த்தையை வைத்தது நான், நன்றாக இருக்கிறதா? கடைசி டிஸ்க்குக்குக் கொஞ்சம் யோசித்தது. அதற்கும் 'கண்டேன்' என்று வந்து, உன் கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன. முபாரக் நாற்காலியை விட்டு எழுந்து, "அல்லா, வந்துடுச்சிக்கா" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். நான் சுகந்தியைக் கட்டிக்கொண்டேன். யாழினி என்ன ஏது என்று தெரியாமலே எங்களோடு குதித்தாள்.

அன்றைக்கு உன் பெட்டியில் ஓடியதால்தான் நேற்று ஊருக்குக் கொடுக்கத் துணிச்சல் வந்தது. புதுப் பதிப்பில் உன் அந்த மரியாதையான கேள்வியைத் தூக்கிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது, 'எதையும் அமுக்காதீர்கள். முதலில் குழுவில் கேளுங்கள்' என்று வரும். கோபித்துக்கொள்ளாதே.

அன்று சுகந்தியே ஒரு வீடியோவைத் தொட்டாள். இத்தனை நாள் பார்க்க மாட்டேன் என்றவள். மொட்டை மாடியில் நீ நிற்கிறாய், தோளில் குழந்தை. தூரத்தில் ரயில் போகிறது. "பாருடி, ரயிலு போவுது பாரு, மெட்ராஸுக்குப் போவுது" என்று நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறாய். குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டது. அதுகூடத் தெரியவில்லை உனக்கு.

யாழினிக்கு இப்போது பேச்சு நன்றாக வந்துவிட்டது. உன்னை உடனே தெரிந்துகொண்டாள். சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்க்கிறவள்தானே. "அப்பா" என்றாள். அப்புறம் மானிட்டரிடம் போய் விரலை வைத்து, "அப்பா தோள்ல யாரு பாப்பா?" என்று கேட்டாள்.

"நீதான்டி தங்கம்" என்றாள் சுகந்தி.

"நானா?"

"நீதான்."

"அப்பா என்னத் தூக்கிக்கினாரா?"

"எறக்கியே உட மாட்டாரு" என்றாள் சுகந்தி.

இந்தக் கேள்வி அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும், பெரியவளானாலும் வரும். எத்தனை வயதில் கேட்டாலும் காட்டுவதற்கு அந்த வீடியோ இருக்கும். திண்டிவனத்தில் ஒன்று, விழுப்புரத்தில் என் வீட்டில் ஒன்று. டிஸ்க் பழசாகும், பெட்டி பழசாகும், நான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பேன். நான் உயிரோடு இருக்கும் வரைக்கும் உன் மகள் உன் தோளில்தான் இருப்பாள்.

உன்னைத் திட்ட உரிமையுள்ள உன் ஒரே அக்கா,
மலர்
விழுப்புரம்