எட்டு லைன் வீடுகள்

7, திங்.
சைனிக்புரியில் மழை விட்டபாடில்லை. துணி எதுவும் காயவில்லை. மதியம் புதிய சாட்டிலைட் படம் வந்தது. இங்கிருந்து வெகு தொலைவில், மலையில் மண்சரிவு நடந்த தேயிலை எஸ்டேட். வீடுகள் இருந்த இடத்தில் செம்மண்.

இணைய வரைபடத்தில் தன்னார்வலர்கள் ஆளுக்கொரு டேக் போட்டிருக்கிறார்கள். ஒருத்தர் 'இடிந்தது', ஒருத்தர் 'சேதம்', இன்னொருத்தர் 'போச்சு'. தேட வேண்டிய வீடுகளின் பட்டியலை மீட்புக் குழு இதிலிருந்துதான் எடுக்கிறது. டேக் ஒன்றாக இல்லாவிட்டால் பாதி வீடு பட்டியலில் வராது. ஒழுங்குபடுத்தும் வேலை என் தலையில். பிடித்த வேலைதான், ஒத்துக்கொள்கிறேன்.

முடிவு செய்தவை:
முழுச் சேதம்
பாதிச் சேதம்
தெரியவில்லை
மண் மட்டும் தெரிந்தால்: நீக்கிவிடு. தரையில் இல்லாதது வரைபடத்திலும் இருக்கக்கூடாது. வரைபடம் போடும் எங்கள் பழைய வழக்கம்.

வரைபடத் தன்னார்வலர் பாஸ்கர் போன். மூன்று தலைமுறையாக இந்த ஊர் மாரெட்பள்ளிக்காரர், தமிழில் உருது கலந்துவிடும். "கைக்கு மேடம், ஏன் அழிக்கணும்? நக்கோ, வேணாம். தேடறவங்க எங்கன்னு தேடுவாங்க?"

எல்லோருக்கும் ஒரே ரூல்தான் என்றேன்.

"ஹவ், சரி, உங்க இஷ்டம்." வைத்துவிட்டார்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எட்டு லைன் வீடுகள், படத்தில் வெறும் மண். நானே நீக்கினேன். ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது வரைபடத் தளம் காரணம் கேட்கும். 'இல்லாத கட்டடங்கள் நீக்கம்.'

8, செவ்.
பால் திரிந்துவிட்டது. ஆபீஸ் மீட்டிங் இரண்டு. பட்டியல் சுத்தமாக இருக்கிறதென்று மீட்புக் குழுவின் அருள்மணி மெசேஜ். கொஞ்சம் பெருமைதான். இன்னொரு காப்பி.

9, புத.
காலையில் அருள்மணி போன். குரலே சரியில்லை.

"மேடம், நேத்து பசங்க மேப்ப பிரிண்ட் எடுத்துட்டுப் போனாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒண்ணும் இல்லன்னு இருந்துச்சு, திரும்பிட்டாங்க. அங்க ஒரு ஆள் தனியா, கையாலயே தோண்டிட்டு இருந்திருக்காரு. உள்ள அவர் பொண்டாட்டி. சாயங்காலம் வரைக்கும் தட்டுற சத்தம் கேட்டுச்சாம். இன்னிக்குத்தான் கீழ வந்து எங்க சட்டையப் பிடிச்சாரு."

"இப்போ?"

"தோண்டுறோம்."

மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் முன்பே முகாமுக்குப் போய்விட்டார்களாம். அதைக் கேட்டு ஆறுதல்பட்டேன். சீ.

மகள் கதவருகில். "அம்மா, அன்னம் தின்னாவா?" தெலுங்கில்தான் பேசுவாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மதியம் மெசேஜ்: 'எடுத்துட்டோம். உயிர் இல்ல.'

10, வியா.
மழை. லீவு சொல்லிவிட்டேன்.

ரூலை மாற்றி எழுதினேன். எதையும் நீக்கக்கூடாது. மண் மூடியிருந்தால் முழுச் சேதம். ஒரே வரி. திங்கட்கிழமையே எழுதியிருக்கலாம்.

பாஸ்கர் குத்திக்காட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஏழு திரும்பப் போட்டுட்டேன் மேடம். அந்த ஒரு வீட்டை நீங்க போடுங்க."

நான்கு மூலை. முழுச் சேதம். சேமி என்றதும் காரணம் கேட்டது. எழுதினேன்.

'இங்கே வீடு இருந்தது. நான் நீக்கினேன்.'