பார்க்காத படம்

1958 ஆகஸ்ட், ஞாயிறு இரவு.

இந்த மாதம் வந்த மூன்று படங்களைப் பற்றியும் தெரு முழுக்க அபிப்பிராயம் சொன்னவன் நான். கத்திச் சண்டைப் படத்தில் கதாநாயகனுக்கு வாளைப் பிடிக்கவே தெரியவில்லை என்றேன். புராணப் படத்துக் கைலாசம் சுண்ணாம்பு அடித்த மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கிறது என்றேன். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

மூன்றாவதைப் பார்க்கவில்லை. சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை மட்டும் வாங்கிப் படித்தேன். அதில் கதைச் சுருக்கம் ஒரு கல்யாணக் கலாட்டாவோடு நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொன்னது.

வியாழக்கிழமை தங்கை மரி வந்து கேட்டாள். "அண்ணே, அழுவுற படம் வேணாம். சிரிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லு."

அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில், அல்ஜீரியாச் சண்டையில் இருக்கிறான். கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. நான் இன்னும் பார்க்காத படம் ஒன்று இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அந்தக் கல்யாணப் படத்துக்குப் போ. வயிறு வலிக்கச் சிரிப்ப" என்றேன்.

இன்று பகல் காட்சிக்குப் போயிருக்கிறாள். இடைவேளைக்குப் பிறகு அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு, புருஷன் செத்துவிட்டதாகப் பட்டாளத்திலிருந்து தந்தி வருகிறதாம்; அவளோடு போனவர்கள் பிறகுதான் சொன்னார்கள். சாயங்காலம் வந்தவள் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே கேட்டாள்.

"நீ அந்தப் படத்தப் பாத்தியாண்ணே?"

"பாத்தேன்" என்றேன். பழக்கதோஷம்.

"பாத்துட்டுத்தான் என்னெ அனுப்புனியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள்.

காலையில் முதல் வேலையாக அவள் வீட்டுக்குப் போய், பார்க்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு முன்னால் தந்திக்காரன் அவள் வாசலில் வந்து நிற்காமல் இருக்க வேண்டும்.