பலகையில் ஒரு பூஜ்யம்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைஞ்சுதா? தைலத்தை நாள் தவறாம தேய். நான் நல்லாத்தான் இருக்கேன். விரல்ல சின்ன வெட்டு, அவ்வளவுதான். பதறாதே.

எங்க அட்டைப்பெட்டி ஃபேக்டரி வாசல்ல ஒரு பலகை இருக்கு. விபத்து இல்லாம எத்தனை நாள் போச்சுன்னு தினமும் அதுல எழுதுவாங்க. முந்நூறைத் தொட்டா எல்லாருக்கும் ஒரு நாள் லீவு. அதனால இங்க யாருக்கும் அடியே படாது! பக்கத்து மிஷின் அக்கா, வெந்த கையை முழுக்கைச் சட்டைக்குள்ள மறைச்சுக்கிட்டு ஒரு மாசம் வேலை செஞ்சாங்க.

எனக்கு வெட்டுப்பட்டது இருநூத்தித் தொண்ணூத்தி நாலாவது நாள். சூப்பர்வைசர் ஓடி வந்து, "வீட்டுல காய் நறுக்கும்போது பட்டுச்சுன்னு சொல்லிடும்மா"ன்னார்.

"அட்டை வெட்டுற கத்தியில நான் காய் நறுக்குறதில்ல சார்"னு சொல்லிட்டு, விபத்து நோட்டை எடுத்து நானே எழுதினேன்.

மறுநாள் பலகையில பூஜ்யம். லீவு போன கோபத்துல ரெண்டு நாள் யாரும் என்கூட சாப்பிட உட்காரல. மூணாம் நாள் அந்த அக்கா வந்து உட்கார்ந்தாங்க. "அந்த நோட்டு எங்கடி இருக்கு?"ன்னு கேட்டாங்க.

உன் பழைய சேலை ஒண்ணு அனுப்பு, தலையணைக்குப் போடணும். துவைக்காம அனுப்பினாலும் பரவாயில்ல.

ஷிஃப்டுக்கு மணி அடிச்சாச்சு. எழுத்து கோணலா இருக்கேன்னு பார்க்காதே, இடது கையால எழுதுறேன். அந்த நோட்டுலயும் இதே கோணல்தான். ஆனா படிக்க முடியலைன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. அவ்வளவு பெருசா எழுதியிருக்கேன்.

உன் மகள்